மேய்ச்சல் கோழியும் தீவன மூட்டையும்

மண்ணை மீட்டெடுக்கும் வேளாண்மையைப் பற்றிப் பேசுகிற இடமெல்லாம் இன்று கோழியும் கூடவே வந்துவிடுகிறது. இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலும் மூலமாக இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா பள்ளத்தாக்கின் ஸ்வூப் என்ற ஊரில் உள்ள பாலிஃபேஸ் பண்ணை. சாலட்டின் குடும்பம் 1961இல் அந்த நிலத்தை வாங்கியபோது அது மண் அரித்து, பள்ளம் பள்ளமாக வெட்டுண்டு, பல இடங்களில் பாறை தெரியக் கிடந்தது. 1982இல் முழுநேர உழவுக்கு வந்த ஜோயல் சாலட்டின், தாம் அங்கே பழக்கத்துக்குக் கொண்டுவந்த கோழி வளர்ப்பு முறையை 1993இல் ஒரு கையேடாக எழுதினார். மைக்கேல் போலன் 2006இல் வெளியிட்ட 'தி ஆம்னிவோர்ஸ் டிலெமா' அந்தப் பண்ணையை உலகமறியச் செய்தது. முறை எளிமையானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அகலநீளம், இரண்டடி உயரம், அடிப்பலகை கிடையாது. அந்தக் கூண்டுக்குள் 70, 75 கறிக்கோழிகள். தினமும் காலையில் கூண்டைப் புதிய புல்லின்மேல் இழுத்து வைப்பார்கள். கோழிக்குப் பசும்புல்லும் பூச்சியும் கிடைக்கும்; எச்சம் ஓரிடத்தில் குவியாமல் வெளி முழுவதும் விழும். சில ஆண்டுகளில் புல் அடர்ந்து மண் கறுத்தது. கோழி நிலத்தைத் தேற்றுகிறது என்றார்கள், அது உண்மைதான். எதைக் கொண்டு தேற்றுகிறது என்பதைத்தான் போதிய அளவுக்கு யாரும் விசாரிக்கவில்லை. அந்த வளத்தின் பெரும்பகுதி புல்லிலிருந்து வரவில்லை, தீவன மூட்டையிலிருந்து வந்தது என்பது என் வாதம். ஆகவே ஒரு சிறு பண்ணையில் எத்தனை கோழி இருக்கலாம் என்பதைப் புல்வெளியின் பரப்பைப் பார்த்து முடிவு செய்வது தவறு. அந்த மண்ணுக்கு எவ்வளவு மணிச்சத்து வேண்டும், அக்கம்பக்கத்தில் கோழிக்கு எவ்வளவு இரை கிடைக்கும் என்ற இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு உழவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. வயலில் ஆட்டுக்கிடை போடுவதும் இதே வேலைதான். பகலெல்லாம் புறம்போக்கிலும் தரிசிலும் மேய்ந்த ஆடு இரவில் வயலில் அடைபட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விடுகிறது. மறுநாள் பட்டி நகர்கிறது. வளம் ஆட்டுக்குள் பிறப்பதில்லை, புறம்போக்கிலிருந்து வயலுக்கு நடந்து வருகிறது என்பது கிடைபோடும் எவருக்கும் தெரியும். மேய்ச்சல் கோழியும் அப்படியொரு கிடைதான். அது மேய்ந்துவரும் புறம்போக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத தொலைவில், வேறொருவருடைய மக்காச்சோளக் காடாகவும் சோயா வயலாகவும் இருக்கிறது. கோழியின் குடல் சிறியது. தின்றது சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். மாட்டைப் போல நார்ச்சத்தை ஊறவைத்துச் செரிக்கும் இரைப்பை அதற்கு இல்லை. இளந்தளிர், விதை, புழு, வெட்டுக்கிளி ஆகியவற்றால் முட்டைக்கோழி தன் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தேடிக்கொள்ளலாம். மிக வாய்ப்பான சூழலில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். தீனித்தட்டின் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கும் இன்றைய கறிக்கோழி அந்த அளவைக்கூட எட்டுவதில்லை. கோழியின் வரலாறும் இதையே சொல்கிறது. 2022இல் வெளியான தொல்லியல் ஆய்வு, வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான எலும்புகளைத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் அடையாளம் கண்டது. காலம் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1250 வரை. புன்செய் நெல்லும் தினைவகைகளும் பயிரான இடத்துக்குக் காட்டுக்கோழி தானாக இறங்கி வந்தது என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. மனிதனோடு கோழி சேர்ந்ததே தானியத்துக்காக. அதைப் புல் தின்னும் விலங்கு என்று எண்ணிப் பண்ணையைத் திட்டமிட்டால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. குஞ்சுகளை முதல் மூன்று வாரம் வெப்பமான அறையில் வைத்திருந்து, பின் ஐந்து வாரம் புல்லில் விடுகிறார்கள் என்று கொள்வோம். ஒரு கூண்டு நாளுக்கு 120 சதுர அடி. 35 நாளில் 4,200 சதுர அடி. ஓர் ஏக்கரில் ஒரு முறை சுற்றிவரப் பத்துக்கு மேற்பட்ட கூண்டுகள், அதாவது ஏறத்தாழ 780 கோழிகள் போதும். அந்த ஐந்து வாரத்தில் ஒரு கோழி சுமார் 5 கிலோ தீவனம் தின்னும். அதில் 150 கிராம் தழைச்சத்தும் 30 கிராம் மணிச்சத்தும் இருக்கும். இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு, சற்றுக் கூடுதலாக, உடலில் தங்கும். எஞ்சியது எச்சமாகப் புல்லில் விழும். ஏக்கருக்குப் பெருக்கினால் தழைச்சத்து 70 கிலோ, மணிச்சத்து 15 கிலோ வரை வரும். உரக்கடைக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ மூன்று மூட்டை யூரியாவும் ஒன்றரை மூட்டை டிஏபியும் தரக்கூடிய சத்து. தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும் என்றாலும், மீதி ஒரே பருவத்தில் புல் எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கும். மறுபக்கம், இவ்வளவு தீவனத்துக்கான மக்காச்சோளமும் சோயாவும் அமெரிக்காவின் வழக்கமான விளைச்சலில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் கேட்கும். ஆக, ஓர் ஏக்கர் பச்சைப் புல்வெளியில் கோழி கிளறுவதைக் காட்டும் படத்துக்குப் பின்னால், படத்தில் வராத ஒன்றரை ஏக்கர் உழுத நிலம் இருக்கிறது. அந்த நிலம் எப்படி உழப்பட்டது, எதைத் தெளித்தார்கள், மழையில் எவ்வளவு மண் போனது என்பதெல்லாம் மேய்ச்சல் கோழியின் கணக்கிலும் சேர வேண்டியவை. பாலிஃபேஸ் பண்ணையே கோழித் தீவனத்தை வெளியிலிருந்து வாங்குகிறது. போலன் தம் நூலில் அதை மறைக்கவும் இல்லை. வாசித்தவர்கள் பலர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

தழைச்சத்தைக் காட்டிலும் மணிச்சத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். தழைச்சத்து காற்றிலும் நீரிலும் கரைந்து போகும், பயிரும் ஏராளமாக எடுக்கும். மணிச்சத்து மண்துகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். மாடு மேயும் புல்வெளியிலிருந்து அது வெளியேறுவதும் அற்பமே. ஏக்கருக்கு 150 கிலோ எடை கூடிய மாட்டை விற்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மணிச்சத்துதான் பண்ணையை விட்டுப் போகும். 15 கிலோ வந்து ஒரு கிலோ போனால் எத்தனை ஆண்டுக்கு இந்த ஏற்பாடு தாங்கும்? இது ஊகமாகச் சொல்லும் அச்சமில்லை. ஸ்வூப் இருக்கும் அகஸ்டா கவுண்டிக்கு வடக்கே ஒட்டியுள்ள ராக்கிங்ஹாம் கவுண்டி, கோழிக்கும் வான்கோழிக்கும் பேர்பெற்ற இடம். அங்கே கொட்டகைக் கழிவைப் பல பத்தாண்டுகளாக வயல்களில் கொட்டி மணிச்சத்து மிகுந்துவிட்டது. மழைநீர் அதை ஷெனண்டோவா ஆற்றுக்கும், அங்கிருந்து பொட்டோமேக் வழியாகச் செசபீக் வளைகுடாவுக்கும் கொண்டுபோகிறது. வளைகுடாவில் பாசி பெருகி, அது அழுகும்போது நீரில் உயிர்வளி குறைந்து, நண்டும் சிப்பியும் மாண்டன. 2010 இறுதியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் சத்துக் கழிவின் உச்ச வரம்பை விதித்தது. மேரிலாந்து 2015இல் வயல்வாரியாக மணிச்சத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. கொட்டகைக் கழிவை லாரியில் ஏற்றி வயலில் இறைத்தால் மாசு, அதே கோழி நடந்துபோய் அதே அளவைப் போட்டால் மீட்பு என்று சொல்ல மண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அளவிலும் பரவலிலும்தான் இருக்கிறது. அளவு கூடினால் அந்த வேறுபாடும் மறைந்துபோகும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. செத்துப்போன நிலத்தை எழுப்ப வெளியிலிருந்து ஏதாவது வந்துதானே ஆக வேண்டும், ரசாயன உரத்தை விடத் தானியமாக வந்து எச்சமாக விழுவது மேல் அல்லவா என்று கேட்பார்கள். இதில் பாதியை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 1961இல் பாறை தெரிந்த நிலத்துக்கு அந்த வளம் தேவைப்பட்டது. அது தந்த பயனைக் குறைத்துப் பேச இடமில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் பிளஃப்டன் ஊரில் உள்ள ஒயிட் ஓக் பாஸ்ச்சர்ஸ் பண்ணையைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வும் இந்தப் பக்கமே பேசுகிறது. பயிரிட்டுத் தேய்ந்த நிலங்களைப் பல்வகைக் கால்நடைகளின் சுழல்மேய்ச்சலுக்கு மாற்றிய அங்கே, இருபது ஆண்டுகளில் மண்ணில் சேர்ந்த கரிமம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2.29 டன் என்று கணித்தார்கள். வழக்கமான இறைச்சி உற்பத்தியோடு ஒப்பிட்டால் பசுங்குடில் வாயுச் சுவடு 66 விழுக்காடு குறைவு. தேவைப்பட்ட நிலமோ 2.5 மடங்கு. ஆனால் இந்த மறுப்பே தன் எல்லையையும் காட்டுகிறது. மெலிந்த நிலத்துக்குக் கொடுக்கும் சத்து, நிலம் தேறிய பின்னும் அதே அளவில் தொடரக் கூடாது. மண்ணில் கரிமம் சேர்வதும் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மண் ஆய்வில் மணிச்சத்து நிறைந்துவிட்டது என்று வந்த பிறகும் அதே இடத்தில் ஆண்டுதோறும் கூண்டு நகர்ந்தால், அதை மீட்பு என்ற பெயரால் அழைக்க எனக்கு மனமில்லை. எங்கோ ஒரு வயல் இழப்பதை இங்கே தேக்கி வைக்கிறோம், அவ்வளவே.

கோழியின் நலத்தையும் உண்பவரின் நலத்தையும் முன்வைப்பவர்களுக்கு வேறு விடை. இந்த வாதம் அவர்கள் பக்கத்தைத் தொடவே இல்லை. வெயிலில் இறக்கை விரித்துப் புழுதியில் புரளவும் மண்ணைக் கிளறவும் முடிந்த கோழியின் வாழ்வு, அடைபட்ட கோழியின் வாழ்வைவிட மேலானது. அதை நிறுவ ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. உணவுச்சத்துக்கு ஆய்வே உண்டு. பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்டதன்படி, மேய்ச்சல் கோழியின் முட்டையில் கூண்டுக்கோழி முட்டையைவிட வைட்டமின் ஈ இரண்டு மடங்கும் ஒமேகா-3 கொழுப்பு மொத்தத்தில் இரண்டரை மடங்கும் இருந்தன. நல்ல முட்டை என்பதற்கு இது போதுமான காரணம். அதை வைத்து, அந்தக் கோழி மண்ணையும் காக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட முடியாது என்று மட்டுமே சொல்கிறேன். கோழி நலமாக இருப்பதும் மண் நலமாக இருப்பதும் தனித்தனியாக நிறுவ வேண்டியவை.

எதிர்த்தரப்பிலிருந்து வரும் கேள்விதான் கடினமானது. கொட்டகைக் கோழியும் தானியம்தான் தின்கிறது, அதையும் சிக்கனமாகத் தின்கிறது. ஒரு கிலோ எடைக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனம் போதும். வெளியில் குளிரும் வெயிலும் தாங்கி அலையும் கோழிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். அப்படியானால் சூழலுக்கு நல்லது கொட்டகைதானே? இந்தச் சிக்கனம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற பெயரில் நடந்த போட்டிகளிலிருந்து தொடங்கிய இனவளர்ப்பின் விளைவு அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005ஆம் ஆண்டுகளின் இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். இந்த வேகத்தில் காலும் இதயமும் உடலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகின்றன. பெரும்பாலான மேய்ச்சல் பண்ணைகளும் இதே கார்னிஷ் கலப்பினக் குஞ்சைத்தான் வாங்குகின்றன. நடக்கத் தெம்பில்லாத கோழியைப் புல்லில் விட்டு மேயச் சொல்கின்றன. சிக்கனத்தை மட்டுமே அளவுகோலாக வைத்தால் மேய்ச்சல் பண்ணை தோற்பது உறுதி, தோற்கவும் வேண்டும். அந்தப் போட்டியில் இறங்குவதே தவறு என்பேன். பிரான்சில் 1960களில் தொடங்கிய 'லாபெல் ரூஜ்' முத்திரை வேறு வழியைக் காட்டியது. மெதுவாக வளரும் இனம், 81 நாளுக்கு முன் அறுக்கக் கூடாது, வெளியில் ஒரு கோழிக்குக் குறைந்தது 2 சதுர மீட்டர். விலை கூடுதல்தான், ஆனாலும் மக்கள் வாங்குகிறார்கள், குறைவாக வாங்கி நன்றாகச் சமைக்கிறார்கள். கார்னிஷ் இனத்துக்கே இரத்தம் தந்தது நம் நாட்டு அசீல் சண்டைக்கோழி என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அதைக் கலந்து உருவாக்கிய இனம் அது. அசீலின் அகன்ற மார்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வலிய காலையும் தாங்கும் திறனையும் வழியில் உதறிவிட்டார்கள்.

தானியத்தைக் குறைக்காமல் எந்த மேய்ச்சல் முறையும் தன் பெயருக்கு நியாயம் செய்ய முடியாது என்றால், குறைக்கும் வழிகள் எவை? பாலிஃபேஸ் பண்ணையிலேயே அதற்கொரு நல்ல விடை இருக்கிறது. கறிக்கோழிக் கூண்டைவிட எனக்கு அதிகம் பிடித்தது அங்குள்ள சக்கர முட்டைக்கூடு. மாடு மேய்ந்துபோன இடத்துக்கு மூன்று நான்கு நாள் கழித்து முட்டைக்கோழிகளை ஓட்டி வருகிறார்கள். அதற்குள் சாணத்தில் ஈப்புழு கொழுத்திருக்கும். கோழி அதைக் கிளறித் தின்னும்போது சாணம் பரவுகிறது, ஈ குறைகிறது, கோழிக்குப் புரதம் கிடைக்கிறது. இங்கே கோழி தின்பது அந்த நிலத்திலேயே பிறந்த இரை. பழத்தோட்டத்தில் உதிர்ந்த பழமும் அதிலுள்ள புழுவும், பால் பண்ணையின் மோர்த்தண்ணீர், பீர் காய்ச்சி எஞ்சிய பார்லிச் சக்கை ஆகியவையும் இந்த வரிசையில் சேரும். மின்னசோட்டாவில் ரெஜினால்டோ ஹாஸ்லெட்-மரோக்கின் முன்னெடுத்த முறை, காட்டுக்கோழியின் வழிவந்த பறவைக்கு மரநிழல்தான் வீடு என்று கொண்டு, ஹேசல்நட்டும் எல்டர்பெரியும் நட்ட நிலத்தில் கோழியை விடுகிறது. அதில் எச்சத்தின் சத்தை ஆழவேர்கொண்ட மரம் இழுத்துக் காயாக வெளியே அனுப்புகிறது. மணிச்சத்து தேங்குவதைக் குறைக்க இது புல்லைவிட மேலான ஏற்பாடு.

இந்தியப் புறக்கடைக் கோழி இந்த விசாரணையில் சாட்சியாக நிற்கத் தகுதியுள்ளது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் 85 கோடிக் கோழியினங்களில் 31.7 கோடி புறக்கடையில் இருந்தன, ஏழாண்டில் 45.8 விழுக்காடு கூடியிருந்தன. களத்துமேட்டில் சிந்திய நெல், தவிடு, குருணை, குப்பைமேட்டுப் புழு, சோற்றுப் பருக்கை இவையே அதன் தீனி. பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்துக் கவிழ்த்து வைத்துக் கரையானைப் பிடித்துக் குஞ்சுக்குப் போடும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைதான் இடும். ஆனால் அதற்காகத் தனியாக ஒரு சென்ட் நிலமும் உழப்படவில்லை. ஒரு வீட்டுக்கு எத்தனை கோழி தாங்கும் என்பதை அந்த வீட்டின் சிந்தலே முடிவு செய்கிறது. கூடினால் எல்லாமே மெலியும். உழைக்கும் வீட்டுப் பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கடைப்பிடித்துவந்த அந்த வரம்புதான் அமெரிக்கப் புல்வெளியில் காணாமல் போனது. அதற்காக எல்லோரும் பத்துக்கோழிக்குத் திரும்ப வேண்டும் என்று வாதிடவில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரே வாரத்தில் கூட்டத்தையே துடைத்துவிடும் அந்த வாழ்வை அழகுபடுத்திக் காட்டவும் விரும்பவில்லை. வரம்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

தீவனம் வாங்கியே தீர வேண்டிய குடும்பப் பண்ணைக்கும் வழி உண்டு. தானியம் விளைவிக்கும் பக்கத்து உழவரோடு உடன்பாடு செய்துகொண்டு, அறுவடைக்குப் பின் மூடுபயிர் நிற்கும் அவர் வயலுக்கே கூண்டுகளைக் கொண்டுபோகலாம். அப்போது எந்த மண்ணிலிருந்து தானியம் வந்ததோ அந்த மண்ணுக்கே எச்சம் திரும்பும். தன் புல்வெளிக்கு மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கோழி வந்தால் போதும். காய்கறி நிலத்தில் விட்டால் அறுவடைக்கு முன் போதிய இடைவெளி வேண்டும். மண்ணைத் தொடும் காய்களுக்கு அமெரிக்க இயற்கை வேளாண் விதி 120 நாள் கேட்கிறது. இது உழைப்பு மிகுந்த வேலை, மறுக்கவில்லை. மழையானாலும் தினமும் கூண்டை நகர்த்த வேண்டும். நரிக்கும் ரக்கூனுக்கும் மின்வேலியும் காவல்நாயும் வேண்டும். பருந்தைத் தொடக்கூடச் சட்டம் விடாது. 2022 பிப்ரவரியில் அமெரிக்கப் பண்ணைகளில் நுழைந்த பறவைக்காய்ச்சல் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பறவைகளைப் பலிகொண்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கொட்டகையில் அடைபட்டவை என்றாலும், காட்டுவாத்து இறங்கும் குளத்தோரம் கோழி மேய விடுவது அறிவுடைமை ஆகாது.

இவ்வளவு உழைப்பைக் கேட்கும் முறைக்கு அமெரிக்கச் சட்டம் ஓர் உதவியும் செய்திருக்கிறது. ஆண்டுக்கு 20,000 கோழி வரை, அரசு ஆய்வாளர் ஒவ்வொன்றையும் சோதிக்காமலே, தூய்மை விதிகளுக்கு உட்பட்டுப் பண்ணையிலேயே அறுத்து மாநிலத்துக்குள் விற்கலாம். சிறு பண்ணைகள் பிழைத்திருப்பதற்கு இந்த விலக்கு பெரிய காரணம். ஆனால் மேலே போட்ட கணக்கின்படி 20,000 கோழி என்பது 26 ஏக்கரில் ஆண்டுக்கு 380 கிலோ மணிச்சத்து. சட்டம் தரும் உச்ச அளவும் மண் தாங்கும் அளவும் ஒன்றல்ல. முத்திரைகளிலும் இதே குறை. 'மேய்ச்சல் கோழி' என்று அச்சிட 'சர்டிஃபைட் ஹ்யூமேன்' அமைப்பு கோழி ஒன்றுக்கு 108 சதுர அடி கேட்கிறது, இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கவும் சொல்கிறது. இவை கோழியின் நலத்துக்கான நல்ல விதிகள். மண்ணை மீட்கிறோம் என்று கூடுதலாக உரிமை கோரும் பண்ணையிடம் வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: ஒரு கோழிக்கு எத்தனை கிலோ தானியம், அது எந்த வயலிலிருந்து வந்தது என்பது ஒன்று, கோழி நடந்த நிலத்தின் கடைசி மண் ஆய்வில் மணிச்சத்து எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டும் பண்ணைக் கணக்கேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்கள். முட்டைப் பெட்டியின் மூடியில் அச்சிட ஒரு வரி போதும்.